காலி நாற்காலிக்கு விழுந்த சீட்டு

தம்பி ரெனால்டின் உடலை வாங்கிப்போகத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வந்திருந்தார் அமலதாஸ். மாலையில் தருவதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தம்பி தங்கியிருந்த ஹோட்டலில் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, கீழ்த்தளத்து கேசினோவில் வேலைபார்க்கும் பெண் அவரிடம் வந்தாள்.

"உங்கட தம்பி இண்டைக்குப் போக்கர் போட்டிக்குக் காசு கட்டிப் பேர் குடுத்தவர், ஐயா. விருப்பமெண்டால் அவருக்குப் பதிலா நீங்கள் இருக்கலாம்."

"இல்லன்னா?"

"வெறுங்கதிரைக்குச் சீட்டுப் போடுவம். ஒவ்வொரு சுற்றுக்கும், அவர் கட்டின காசுக்கு வைக்கிற வில்லையில கொஞ்சம் எடுப்பம். முடியுமட்டும்."

அமலதாசுக்கு ஆடத் தெரியும். அவளோடு உள்ளே போய்ப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தம்பிக்கு ஒதுக்கிய நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். இரண்டு சீட்டுகள் கவிழ்ந்து வந்து விழுந்தன. உட்கார்ந்து எடுத்துப் பார்க்கக் கை பரபரத்தது. தொட்டுவிட்டால் அது தன்னுடைய ஆட்டமாகிவிடும் என்று தோன்றவே, கையை இழுத்துக்கொண்டார். யாரும் பார்க்காத அந்தச் சீட்டுகளைச் சீட்டுப் போடுகிறவன் திரும்ப வாரிக்கொண்டான். சுற்றுக்குச் சுற்று தம்பியின் வில்லைகள் குறைந்துகொண்டே வந்தன. ஆடியவர்களில் சிலர் தோற்று எழுந்து போனார்கள். தம்பியின் நாற்காலி இன்னும் ஆட்டத்தில் இருந்தது.

போன் அடித்தது. ஊரிலிருந்து தம்பியின் மனைவி.

"பொழுது அடையப்போவுதே, அத்தான். அவுகள இன்னும் குடுக்கலையா?"

நாற்காலிக்கு முன்னால் சின்னதாக ஓர் அடுக்கு வில்லை மிச்சமிருந்தது.

"இன்னும் முடியலம்மா," என்றார் அமலதாஸ். வில்லைகளின் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடாமல் போனின் வாயைப் பொத்திக்கொண்டார்.