இரண்டு டம்ளர் தைரியம்

“இன்னைக்கும் நீ அப்பாகிட்ட சொல்லலைன்னா போர்ச்சுகல் டிரெய்னிங் போச்சு” என்றான் ஹெப்சியின் கணவன் ரெனால்ட்.

ஆம்பூர் ஷூ கம்பெனி டிசைனரான ஹெப்சிக்கு மாமனார் ஜெயகரனைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மதுவை ஒழிக்கக் கூட்டம் போடுகிறவர்; மருமகளைக் கடல் தாண்டி அனுப்புவாரா?

ரெனால்ட் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, போர்ச்சுகல்காரர் ஒருவர் தந்த பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தான். “லேசான வெள்ளை ஒயின். மீன் வறுவலோட குடிச்சா பயம் பறந்துடும்.”

இரண்டாவது டம்ளரில் ஹெப்சிக்குத் தலை கிறுகிறுத்தது. சிரித்துக்கொண்டே கூடத்துக்குப் போனாள்.

“மாமா, நான் மூணு மாசம் போர்ச்சுகல் போறேன்!”

மீனை மென்றபடி ஜெயகரன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “மூணு என்னம்மா, ஆறு மாசம் இருந்துட்டு வா!”

துள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தவளை மாமியார் பிரிசில்லா மறித்தார்.

“இன்னாடி, பாட்டில் காலி? எலுமிச்சை ஜூஸும் சோடாவும் கலந்து ஊத்தி வெச்சிருந்தேனே!”

வெறும் சோடாவைக் குடித்துவிட்டா அப்படிப் பேசினோம்? ஹெப்சி வாயைப் பிளந்தாள். “முன்னாடி அதுல இருந்தது?”

“அந்த வெளிநாட்டு ஜூஸா? கெட்டுப்போயிடும்னு மாமாவுக்குத்தான் ஊத்திக் குடுத்தேன்.”

கூடத்திலிருந்து பாட்டாகவே வந்தது ஜெயகரனின் குரல்: “பிரிசில்லா, அந்த ஜூஸ் மீனுக்கு அமர்க்களம்! இன்னொரு டம்ளர் ஊத்து, ஹெப்சிக்குப் பெட்டி வாங்கப் போலாம்!”