ஒரு பாட்டரிக்குள் அடங்கிய பட்டியல்

"விளக்கு நாலு. ஒவ்வொண்ணும் அஞ்சு வாட். நாலு மணி நேரம் எரியும். ஆக எண்பது."

ஆரின் காகிதத்தைக் கண்ணிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு வாசித்தார்.

சர்ச்சின் அடித்தளக் கூடத்தில் பதினைந்து பேர், ஆளுக்கொரு காப்பிக் கோப்பையும் கரண்டியுமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே மார்ச் மாதம். மிசூரி ஆற்றில் பனி உடைய ஆரம்பித்திருந்தது.

எல்லோருமே பழைய சரக்கு ட்ரெய்லரை வாங்கி, தங்கள் கையாலேயே அதை வீடாக்கி, கோடையில் ஊர் சுற்றுகிறவர்கள். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. பாட்டரி வாங்குவதற்கு முன்னால் பட்டியலைச் சபையில் வாசித்துவிட வேண்டும். எந்தப் பொருள் எத்தனை வாட், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம். காட்டுக்குள் போய் இருட்டில் உட்கார்ந்து அழுவதைவிட, இங்கே நாலு பேர் சிரித்துவிட்டுப் போவது மேல் அல்லவா?

பட்டியலில் ஓட்டை கண்டுபிடித்தவர் கரண்டியால் கோப்பையைத் தட்டலாம். ஓட்டை விட்டவர் கழுத்தில், எரிந்துபோன ஃப்யூஸ்களைக் கோத்த மாலை விழும்.

ஆரினுக்கு விழாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நாற்பது வருஷம் தானியக் கிடங்கில் எடை பார்த்த மனிதர். ஒரு பிடி கோதுமை குறைந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

"ஃப்ரிட்ஜ் நானூத்தம்பது. ஹீட்டர்ல இருக்கிற காத்தாடி இருநூத்தி நாப்பது. கூரை ஃபேன் இருநூறு. தண்ணி மோட்டார் பதினஞ்சு. போன் பதினஞ்சு. கூட்டினா சரியா ஆயிரம். ஒரு பாட்டரி ஆயிரத்து இருநூத்தி எண்பது தாங்கும். ஒண்ணு போதும்."

"யோவ், எங்க வீட்டுக்காரம்மா காப்பி போட்டு, தலை காய வைக்கிறதுக்கே அது தீர்ந்துரும்யா!" என்றார் டுவேன். "நீ என்ன, சாமியாராப் போறியா?"

கூடம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஆர்லிஸும் சிரித்தாள். ஆரினின் மனைவி. எல்லோர் தட்டிலும் இருந்த எலுமிச்சைக் கேக் அவள் சுட்டது. கடல் பார்க்கப் போகிறோம், ஆரிகன் கடற்கரை வரைக்கும் போகிறோம் என்று குளிர்காலம் முழுக்க ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருஷம். கடல் இன்னும் பார்த்ததில்லை.

ஆரின் காகிதத்தை மடிக்கப் போனார்.

டங்.

லவான். முப்பது வருஷம் மின்கம்பம் ஏறி இறங்கினவள். அவளிடமிருந்து எதுவும் தப்பாது.

"ஆர்லிஸோட மூச்சு மெஷின் எங்கய்யா?"

சிரிப்பு அப்படியே நின்றது.

அந்த மெஷினை அங்கே தெரியாதவர் இல்லை. முகமூடியைப் போட்டுக்கொள்ளாமல் தூங்கினால் ஆர்லிஸுக்கு மூச்சு நின்று நின்று வரும். ஒரு ராத்திரிகூட அது இல்லாமல் படுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. போன கோடையில் பெண்கள் மட்டும் போன பயணத்தில், லவானின் பாட்டரியில்தான் அது ஓடியது. குழாயும் மூக்குமாக ஆர்லிஸைப் பார்த்து, "யானை, யானை" என்று எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அம்பது வாட். எட்டு மணி நேரம். நானூறு." லவான் எழுந்துபோய்க் கரும்பலகையில் எழுதினாள். "இப்ப ஆயிரத்து நானூறு. விடியறதுக்கு முன்னாடியே பாட்டரி படுத்துரும். அப்புறம் இவ கதி?"

"போனுக்குக் கணக்கு இருக்கு, பொண்டாட்டி மூச்சுக்கு இல்ல!" என்றார் டுவேன்.

இந்தத் தடவை பாதிப் பேர்தான் சிரித்தார்கள்.

ஆரினுக்குக் காது மடல் சுட்டது. பாதி மடித்த காகிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தார்.

"மறந்துட்டேன்."

ஆர்லிஸ் எழுந்துவிட்டாள்.

"விடுங்கப்பா இந்த மனுஷனை! பதினோரு வருஷமா அது காதோரம் இரையுது. பழகின சத்தம் யார் காதுல விழும்? டுவேன், உன் குறட்டை உனக்குக் கேக்குதா?"

கூடத்துக்கு உயிர் வந்தது. ஆர்லிஸ் தானே போய் ஆணியில் தொங்கிய ஃப்யூஸ் மாலையை எடுத்து வந்து அவர் கழுத்தில் போட்டாள். அடியில் மாட்டிக்கொண்ட சட்டைக் காலரை இழுத்துச் சரி பண்ணினாள்.

"நல்லாத்தான் இருக்கு உனக்கு" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை அவருக்கு. அவள் சட்டைப் பொத்தானில் ஒட்டியிருந்த கேக் துணுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லவான் அவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, கடைசி வரிக்குக் கீழே மெஷினை எழுதி, பாட்டரி 'ஒன்று' என்றிருந்ததை 'இரண்டு' ஆக்கிக் கொடுத்தாள்.

"மெஷின் என் தலைமாட்டுலதான் இருக்கணும். குழாய் அவ்வளவுதான் நீளும்" என்றாள் ஆர்லிஸ். "வீட்டுக்குப் போனதும் ட்ரெய்லர்ல டேப் வச்சு அளந்துடலாம், ஆரின். முடியட்டும் காட்டறேன், முடியட்டும் காட்டறேன்னு நீ என்னை இன்னும் உள்ளயே விடல."

"ம்" என்றார் ஆரின்.

வீட்டுக் கொட்டகையில் நின்ற ட்ரெய்லருக்குள், கட்டிலைப் போன வாரமே அறைந்து முடித்திருந்தார். ஒரே கட்டில்தான்.

அகலம் இரண்டரை அடி.