பன்னிரண்டு வெள்ளரிக்காய்

“விரலை நீட்டாதீங்க துவான்! பிஞ்சு வெம்பிப் போயிரும்!”

பிச்சையம்மாள் போட்ட சத்தத்தில், ஜப்பான் அதிகாரியின் கை வெள்ளரிப் பந்தலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அவள் புருஷன் சின்னையாவுக்கு உயிர் போய்த் திரும்பியது. மலாயாவை ஜப்பான் பிடித்திருந்த அந்த வருஷம் கோலா கெத்திலில் ஜப்பான்காரனிடம் குரலை உயர்த்திவிட்டுக் கன்னம் வீங்காமல் வீடு திரும்பியவர் யாருமில்லை.

உத்தரவு அப்படி. ரப்பர் தோட்டத்து லயத்தில் ஒவ்வொரு வீட்டுக் கொல்லையிலும் பன்னிரண்டு வெள்ளரிக்காய் தொங்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அந்த வீட்டு ஆம்பளை சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும். இந்த லயத்திலிருந்து போனவர்களில் ஒருவர்கூட இன்னும் திரும்பவில்லை.

“என்ன சொல்றா இவ?” என்று அரைகுறை மலாயில், கூட வந்த தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி அழகேசனைக் கேட்டான் அதிகாரி.

“பிஞ்சுக்கு நேரா விரல் நீட்டினா அழுகிடும்னு எங்க ஆளுங்க நம்பிக்கை, துவான். மடக்கித்தான் காட்டணும்.”

“தொடவும் கூடாதுன்னு சொல்லுங்க கிராணியாரே!” என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள் பிச்சையம்மாள்.

அதிகாரி முறைத்தான். பிறகு என்ன தோன்றியதோ, சுட்டுவிரலை நண்டுக் கால் மாதிரி மடக்கிக்கொண்டு எண்ண ஆரம்பித்தான். முந்திய நாலு வீட்டில் குடித்த மரவள்ளிக் கோப்பி வயிற்றில் தளும்ப, இங்கேயும் வாசலில் ஒரு குவளை முடித்துவிட்டுத்தான் கொல்லைக்கே வந்திருந்தான் பாவம்.

ஒன்பதாவது காயில் விரல் நின்றது. அது பிறை போல வளைந்திருந்தது.

“போன வீட்டுலயும் ஒண்ணு இப்படித்தான் கோணலா இருந்துச்சு.”

சின்னையா சட்டென்று பந்தல் காலைப் பிடித்துக்கொண்டான். கிராணி மட்டும் அசரவில்லை.

“எல்லா வீட்டுக்கும் விதை குடுத்தது துவான்தானே? ஒரே விதை, ஒரே காய்!”

அதிகாரிக்கு முகமெல்லாம் பல். “பாகுஸ்! பாகுஸ்!” என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டு மிச்சத்தையும் எண்ணினான். சரியாகப் பன்னிரண்டு. சயாம் பட்டியலில் சின்னையா பெயரை அடித்துவிட்டு, அடுத்த வீட்டு வாசலுக்கு நடந்தான். கிராணியும் பின்னாலேயே போனார்.

அவர்கள் தலை மறைந்ததும் சின்னையா பெண்டாட்டியை அலாக்காகத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். சந்தோஷத்தில் அவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

“சயாம் இல்லடி! தப்பிச்சேன்லா!”

“ஐயோ, எறக்கி விடுங்க! கொஞ்சறதுக்கா இப்ப நேரம்?” பிச்சையம்மாளுக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

அதற்குள் பின்வேலி சரசரத்தது. அடுத்த வீட்டுப் பிரேமாவதி ஒரு கையில் கூடையும் மறு கையில் வாழை நாருமாக மூச்சிரைக்க நின்றாள்.

“அக்கா, பன்னெண்டையும் சீக்கிரம் அவுத்துக் குடுங்க! எங்க வீட்டுல துவானுக்குக் கோப்பி ஊத்தியாச்சு!”