ஆடித் திருவிழா வழக்கு

"ஏம்மா, ரெண்டு பேர் செத்துட்டாங்க. ஆறு பேர் ஆஸ்பத்திரியில கிடக்குறாங்க. இப்ப உனக்குத் திருவிழா கேக்குதா?"

தடை நோட்டீஸை அம்மன் கோயில் கதவில் ஒட்டிவிட்டுத் திரும்பினார் சுகாதார ஆய்வாளர் சித்தார்த்தன். எதிரே கோயில் பூசாரி தேவானை, இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

93ஆம் வருஷம், ஆடி பிறந்த நேரம். அடையாறு ஆத்தோரக் குப்பத்தில் காலரா. நோய் ஓயும்வரை கோயிலைத் திறக்கக் கூடாது, கூழ் ஊற்றக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு.

"மயிலாப்பூர்ல கோயிலெல்லாம் தொறந்துதானே கீது சார்?"

"அங்க குழாயில நல்ல தண்ணி வருது. நீங்க ஆத்தோரக் கெணத்துத் தண்ணியில கூழைக் கரைச்சு ஊத்துவீங்க. மொத்தக் குப்பமும் படுத்துடும்."

தேவானை கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப தண்ணிதான் கொறைன்ற. அத அப்டியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடு சார்."

எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். போகிற வழியெல்லாம் அவருக்கு ஆற்றாமை. சாமி பேரைச் சொல்லிச் சாகத் துணிந்தவர்களை யார் காப்பாற்றுவது?

தேவானை சும்மா இருக்கவில்லை. மயிலாப்பூரில் அவள் வேலை செய்யும் வீட்டு அம்மா கோமளம் ஒரு வக்கீல். அவரை வைத்து ஹைகோர்ட்டில் வழக்கே போட்டுவிட்டாள்.

காலராவிலும் கூழ் கேட்கிறாள் என்று பேப்பரில் வந்தது. டீக்கடைகளில் அவளைத் திட்டாதவர் இல்லை. புருஷனைக் காலராவுக்குப் பறிகொடுத்த பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி அவளோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். வேண்டும் இவளுக்கு என்றுதான் சித்தார்த்தனும் நினைத்தார்.

விசாரணை அன்று அவரும் கோர்ட்டுக்குப் போகவேண்டி வந்தது. வழிபாட்டு உரிமையைவிட மக்கள் உயிர் பெரிது என்று அரசு வக்கீல் அழுத்திச் சொன்னார். கோமளம் அதை மறுக்கவே இல்லை. உயிர்தான் பெரிது என்று ஒப்புக்கொண்டு, சித்தார்த்தன் எழுதிக் கொடுத்த தாளை மட்டும் வாசித்துக் காட்டினார். 'இப்பகுதியில் பாதுகாப்பான குடிநீர் இல்லை.'

நீதிபதி சித்தார்த்தனைக் கூப்பிட்டார்.

"திருவிழா இல்லாத நாள்ல அந்த ஜனங்க எந்தத் தண்ணியக் குடிக்கறாங்க?"

அரசு வக்கீல் முறைத்தார். ஆனாலும் சித்தார்த்தனுக்குப் பொய் வரவில்லை.

"அதே தண்ணிதாங்கய்யா. குழாய் கேட்டு நானே மூணு தடவை எழுதியிருக்கேன். பதில் வரலை."

அரைமணியில் தீர்ப்பு. தடை ரத்து. திருவிழா முடியும்வரை தினமும் இரண்டு லாரி சுத்தமான குடிநீரும் ஒரு டாக்டரும் குப்பத்துக்கு வரவேண்டும். கூட்டம் கூட்டாமல், கூழை வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் காலை பம்பைச் சத்தத்தோடு லாரியும் வந்தது. பிளாஸ்டிக் குடங்கள் தெருமுனைவரை வரிசை கட்டின. நல்ல தண்ணீரில் கரைத்த கூழை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றினாள் தேவானை. ஒரு வாரம் கழித்துப் புதிதாக யாரும் படுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஆறு பேரும் நடந்தே வீடு திரும்பினார்கள். ஜோதிலட்சுமி கதவைத் திறந்து சொம்பை நீட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் ஆபீசில் சித்தார்த்தனைக் கூப்பிட்டு, பத்து நாள் திருவிழாதானே, லாரியை நிறுத்திவிட்டு வாரும் என்றார்கள்.

குப்பத்துக்குப் போனார். பந்தலைப் பிரித்தாயிற்று. பம்பைக்காரர்களும் போயாயிற்று. கோயில் வாசலில் தேவானை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"திருவிழா முடிஞ்சிருச்சில்ல? நாளையிலேருந்து லாரி வராதும்மா."

தேவானை வலது கையை நீட்டினாள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு.

"காப்பு கட்னா திருவிழா ஆரம்பம். அவுத்தாதான் முடியும். நான் எங்க சார் அவுத்தேன்?"

சித்தார்த்தன் அந்தக் கயிற்றையே பார்த்தார். காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டக் கூடாது, மீன் தொடக் கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

"அப்ப வேலைக்கு?"

"கோமளம்மா கையில சொல்ட்டேன், வர்துக்கு நாளாவும்னு."

"எப்பதான் அவுப்பீங்க?"

"ஆத்தா உத்தரவு குடுக்கணும்." மறுபடியும் கீரையை எடுத்தாள். "குழாய் போட்டா குடுப்பான்னு நெனைக்கிறேன்."

எந்தச் சாமிக்கும் கை கூப்பாத சித்தார்த்தன், அங்கேயே நின்றபடி ரிப்போர்ட் புத்தகத்தைப் பிரித்தார். 'ஆடித் திருவிழா நடைபெறுகிறது. லாரி தொடர வேண்டும்.'

அடுத்த திங்கட்கிழமையும் அதையே எழுதினார். அதற்கடுத்த திங்களும்.

அந்த வருஷம் ஆடித் திருவிழா, தை மாசம் குழாயில் தண்ணீர் வந்த அன்றைக்குத்தான் முடிந்தது.