நாற்பது பேர், பதின்மூன்று கார்டு

"கார்டு மழையில நனைஞ்சு போச்சு சார்" என்றார் பல் டாக்டர்.

"ஞாயித்துக்கிழமை மழையே பெய்யலையே டாக்டர்?"

"அதான் சார் எனக்கும் ஆச்சரியமா இருக்கு."

கோல்ஃப் கிளப்பின் செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். காலையிலிருந்து இது ஒன்பதாவது சாக்கு. ஒருவருடைய கார்டைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டார்களாம். இன்னொருவருடையது காற்றில் பறந்து குளத்தில் விழுந்துவிட்டதாம்.

"உங்ககூட ஆடினாரே வக்கீல், அவரையும் கேட்டுப் பாத்தேன். நீங்க எத்தனை அடிச்சீங்கன்னு ஞாபகமே இல்லையாம். முப்பது வருஷத்துக்கு முந்தின தீர்ப்பையெல்லாம் பாக்காம ஒப்பிக்கிற மனுஷன்!"

"பாவம், அவருக்கும் வயசாகுதில்ல சார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் நழுவினார்.

போட்டி நாளில் பதினெட்டுக் குழிக்கும் எத்தனை அடி அடித்தோம் என்று கார்டில் எழுதி, வாசலில் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். குறைவாக அடித்தவர் கெட்டிக்காரர். சுமாராக ஆடுகிறவருக்கு இத்தனை அடி சலுகை என்று கொடுப்பார்கள், அதற்குப் பெயர் ஹேண்டிகேப். ஆட்டம் நன்றாக இருந்தால் சலுகை குறையும். போன ஞாயிறு ஆடியவர்கள் நாற்பது பேர். பெட்டியில் இருந்தது பதின்மூன்று கார்டு.

செயலாளர் ஓய்வுபெற்ற சுங்க அதிகாரி. கோல்ஃப் மட்டையை அவர் தொட்டதுகூட இல்லை. யோக்கியமான ஆள் வேண்டும் என்று கூட்டி வந்து உட்கார வைத்திருந்தார்கள். முப்பது வருஷம் பயணிகளின் பெட்டியைக் குடைந்தவர் என்பதால், ஒருவன் எதையாவது ஒளித்தால் அது விலை போகிற சரக்காகத்தான் இருக்கும் என்பது அவருடைய கட்சி. ஆக, இந்த இருபத்தேழு பேரும் பிரமாதமாக ஆடிவிட்டு, சலுகை குறைந்துவிடுமே என்று கார்டை அமுக்குகிறார்கள். ஆண்டுக் கோப்பையில் முழுச் சலுகையோடு இறங்கி வெளுத்து வாங்கத் திட்டம். திருட்டுப் பயல்கள்!

மத்தியானம் கிளப் தலைவர் ஃபோன் செய்தார்.

"மேலிடத்துல, அதான் கோல்ஃப் சங்கத்துல, கார்டு கேட்டு என் உயிரை வாங்கறாங்க சார். வர்ற ஞாயித்துக்கிழமையும் இதே கதைன்னா, நீங்க வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க."

வராத இருபத்தேழில் தலைவருடைய கார்டும் ஒன்று. அதைச் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை.

வீட்டில் என்ன ரெஸ்ட்? அங்கே மின்விசிறியை ஒரு புள்ளி கூட்டி வைக்கவே மனைவியிடம் அனுமதி வாங்க வேண்டும். இங்கேதான் 'செயலாளர்' என்று பலகை மாட்டிய அறை இருந்தது, வண்டி நிறுத்தத் தனி இடம் இருந்தது, விறைப்பாக சல்யூட் அடிக்க ஒரு காவலாளி இருந்தார். இதுவும் போய்விட்டால் என்ன செய்வது?

மறுநாள் உடை மாற்றும் அறையின் கதவில், அவரே தட்டச்சு செய்த அறிவிப்பை ஒட்டினார்.

'கார்டு தராதவர், இந்த மைதானத்தின் சாதனையான அறுபத்தெட்டு அடிகளில் அன்றைய ஆட்டத்தை முடித்ததாகவே கருதப்படுவார். அவருடைய சலுகை அதற்கேற்ப வெட்டப்படும்.'

வந்தவர்கள் எல்லாரும் அதை நின்று படித்தார்கள். சிலர் இரண்டு தடவை படித்தார்கள். வக்கீல் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டார். நல்லா மாட்டினீங்களா என்று செயலாளர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

சாயங்காலம் பல் டாக்டர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"சார், நிஜமாவே இப்படிச் செய்வீங்களா?"

"ஈவு இரக்கமே கிடையாது."

"அறுபத்தெட்டுன்னு வாசல் போர்டுல எழுதுவீங்களா?"

"பேரோட எழுதுவேன். கொட்டை எழுத்துல."

"வெளியாளுங்ககூடப் பாப்பாங்களே சார்? என் மாமனார் அடிக்கடி இந்தப் பக்கம் வருவாரு..."

"பாக்கட்டுமே! அப்பதான் உங்களுக்கெல்லாம் புத்தி வரும்."

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. செயலாளரின் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு வெளியே போனார். கொஞ்சம் அதிகமாகவே மிரட்டிவிட்டோமோ என்று இவருக்கே பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது பேரும் ஆடினார்கள். ஆட்டம் முடிந்ததும் செயலாளர் சாவியோடு போய்ப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ஒரு கார்டுகூட இல்லை. போன வாரம் ஒழுங்காகக் கொடுத்த பதின்மூன்று பேரும் சேர்ந்து கைவிரித்துவிட்டார்கள். கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் துழாவினார். பிறகு அறைக்குத் திரும்பி, ராஜினாமாக் கடிதம் எழுதினார். கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது தலைவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மன்னிச்சுக்குங்க சார், ஒரு கார்டுகூட வரலை" என்று கடிதத்தை நீட்டினார் செயலாளர்.

தலைவர் அதை வாங்கி நாலாகக் கிழித்துப் போட்டார்.

"யாரு உங்கள விடப்போறா? இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீங்கதான் செயலாளர்!"

"சார்?"

"இன்னிக்கு நான் நூத்தி முப்பத்தொண்ணு அடிச்சேன், டாக்டர் நூத்தி நாப்பது. அந்தக் கண்றாவி வெளிய தெரியக் கூடாதுன்னுதானே இத்தனை வருஷமா கார்டை ஒளிச்சுக்கிட்டுத் திரிஞ்சோம்! சீக்கிரம் போய் நாப்பது பேருக்கும் அறுபத்தெட்டுன்னு எழுதுங்க சார், டாக்டரோட மாமனார் கேமராவோட வந்து நிக்கிறாரு."