ராண்டலின் சம்மதம்

"உதவித்தொகைக்கு உங்க சம்மதம் வேணுங்க. வருமானத்தைக் காட்டினா போதும், ஷெல்பி காலேஜுக்குப் போயிடுவா."

பள்ளி ஆலோசகர் ஹோலிஸ் நீட்டிய மடிக்கணினியை ராண்டல் பிடுங்கித் தரையில் அடித்தான்.

"என் வருமானத்தை எவனுக்கும் காட்ட மாட்டேன். கிளம்பு வாத்தியாரே."

மகள் ஷெல்பி வாசலுக்கு ஓடி வந்தாள். கொளுத்தும் வெயிலிலும் அவளுக்கு முழுக்கைச் சட்டை. "போயிடுங்க சார்."

ஹோலிஸ் நகரவில்லை. "பொண்ணு படிச்சுட்டா உன்ன மதிக்க மாட்டாளோன்னு பயமா?"

முதல் குத்தில் மூக்கு உடைந்தது. அவர் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவுதானா? எங்கம்மா இதவிட பலமா அறைவாங்க."

அடுத்த குத்தில் படிக்கட்டில் உருண்டார். ராண்டல் இறங்கி வந்து விலாவில் மாறி மாறி உதைத்தான். ஷெல்பி அலறிக்கொண்டே போலீஸைக் கூப்பிட்டாள்.

வந்தவர்கள் ராண்டலுக்கு விலங்கு மாட்டினார்கள். ஒரு பெண் போலீஸ் ஷெல்பியின் சட்டைக்கையை உயர்த்தி, தோள்வரை இருந்த காயங்களைக் குறித்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸில் ஷெல்பி அழுதாள். "ஏன் சார் வாயக் குடுத்து வாங்கிக்கிட்டீங்க? இனிமே அவர் சம்மதிக்கவே மாட்டார்."

வீங்கிய உதட்டோடு ஹோலிஸ் சிரித்தார்.

"அடிக்கிற அப்பன்னு போலீஸ் எழுதிட்டா, அவன் சம்மதத்தைக் காலேஜ்ல கேக்க மாட்டாங்க. போலீஸக் கூப்பிடுன்னு எத்தன தடவ சொன்னேன்? உனக்காக நீ கூப்பிட மாட்டே. எனக்காகன்னா நீ கூப்பிடுவேன்னு தெரியும்."