கணினி உதவிக்கு நன்றி

திரையில் அவள் உருவாக்கிய படம் விரிந்தது.

நான்காம் வரிசையில் உட்கார்ந்து அவள் அதைப் பார்த்தாள்.

நூற்றுச் சொச்சம் விண்மீன் மண்டலங்கள் நெருங்கிக் கிடந்தன. அவற்றுக்கு நடுவே, இருக்கிறதா இல்லையா என்று ஐயப்பட வைக்கும் ஒரு வெளிர்ப் படலம்.

"மண்டலங்கள் ஒன்றையொன்று உரசியபோது பிய்ந்து வெளியே வந்த நட்சத்திரங்கள். எந்த மண்டலத்துக்கும் சொந்தமில்லாமல் அலைகின்றன," என்றார் மேடையில் பேராசிரியர் ஞானதுரை. "நாங்கள்தான் கண்டுபிடித்தோம்."

நாங்கள்.

ஐந்தாண்டுகள். அந்தப் படலத்தின் மேல் விழுந்திருந்த ஒவ்வொரு பொய் வெளிச்சத்தையும் துடைத்தெடுத்தவள் அவள்.

பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது ஆய்வுக் கட்டுரை அச்சாகியிருந்தது. ஆறு பெயர்கள். அவளுடையது இல்லை. கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், கணினி உதவிக்கு இசக்கியம்மாளுக்கு நன்றி.

கேட்டதற்கு ஞானதுரை சிரித்தார். "நீதான் லீவுல இருந்தியேம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டுதான் இன்று வந்திருந்தாள்.

முன்வரிசையில், வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை ரோஸ்லின் கை தூக்கினார்.

"பக்கத்துல பெரிய நட்சத்திரம் ஒண்ணு இருக்கே. அதோட வெளிச்சம் தொலைநோக்கிக் கண்ணாடியில சிதறி இப்படித் தெரியலாமே?"

ஞானதுரை திரையில் ஒரு படம் முன்னால் போனார். ஒரு படம் பின்னால் வந்தார். தொண்டையைச் செருமினார்.

"இசக்கி, நீ சொல்லும்மா. கூச்சப்படாதே."

மைக் அவள் கைக்கு வந்தது.

வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். அத்தனை பேர் முன்னாலும் அவர் மானம் போய்விடும். அவள் அதை விரும்பினாள்.

ஆனால் அவரோடு அந்த வெளிச்சமும் பொய்யாகிவிடும்.

எழுந்தாள்.

பெரிய நட்சத்திரத்தைத் தனியாக நாற்பது முறை படமெடுத்ததைச் சொன்னாள். அதன் வெளிச்சம் கண்ணாடியில் எவ்வளவு தூரம் பரவுகிறது என்று அளந்ததை. அளந்ததைக் கழித்ததை. கழித்த பிறகும் படலம் அங்கேயே நின்றதை.

ஒவ்வொரு வாக்கியத்தையும் 'நான்' என்றே தொடங்கினாள்.

குரல் உடையவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம்.

ரோஸ்லின் தலையாட்டினார். மடியிலிருந்த கட்டுரையின் முதல் பக்கத்தைப் பார்த்தார். விரலை வைத்து மறுபடி பார்த்தார்.

"இதுல உங்க பேரு எங்க?"



அவள் மேடை வரை நடந்தாள்.

மைக்கை ஞானதுரையிடம் நீட்டினாள்.